நாலாவது பண்டில்

அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே சொல்யூஷன் வாசனை அடிக்கும். ஷூவின் மேல்தோலையும் உள்துணியையும் ஒட்டுகிற பசைக்கு எங்கள் ஆம்பூரில் அதுதான் பெயர். மூக்கில் ஏறினால் லேசாகத் தலை சுற்றும், ஆனாலும் இன்னொரு முறை மோந்து பார்க்கத் தோன்றும். தேவதைகளின் நாட்டைப் பற்றிய ஒரு நாவலுக்கு அந்த வாசனை வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் அம்மா.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. நாவலின் முதல் பாகம் பள்ளி நூலகத்தில் இருந்தது. அதில் வருகிற தேவதைகள் கையில் நட்சத்திரக் கோல் பிடித்து வரம் கொடுக்கிறவர்கள் இல்லை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தவர்கள், ரோஷக்காரர்கள், கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கேட்காததைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர்கள் நாட்டுக்குள் ஒரு அக்காவும் தங்கையும் வழிதவறிப் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அக்கா மட்டும் வெளியே வருகிறாள், தங்கை உள்ளேயே மாட்டிக்கொள்கிறாள். கதையை அப்படிக் கொண்டுபோய் நிறுத்தியவரை நானும், என்னைவிட இரண்டு வயது சின்னவளான என் தங்கை சுதாவும், அடுத்த தெரு நஸ்ரீனும், என் வகுப்பு மெர்சியும் திட்டாத திட்டு இல்லை.

இரண்டாம் பாகத்தைக் கண்டுபிடித்தவள் சுதாதான். அவளுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஒரு ஓட்டை. மாதம் ஒருமுறை அப்பா அவளை வேலூருக்குக் காட்டக் கூட்டிப்போவார். அப்படிப் போன ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து நடைபாதைக் கடையில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அதை வாங்கித் தந்தால்தான் ஊசிக்குக் கையை நீட்டுவேன் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊசி போட்ட கையில் பஞ்சும் மறு கையில் புத்தகமுமாக அவள் வந்து இறங்கிய அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூத்தவள் என்பதால் எனக்கே முதலில் என்றேன். வாங்கியவள் நான் என்றாள் அவள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த நஸ்ரீனும் மெர்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

டியூட்டி முடிந்து வந்த அம்மா இதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவள் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். ஒரு தையல் கோணினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. “இன்னா சண்ட இது? ஒரு பீஸ ஒருத்தி வெச்சினு இருந்தா மத்த மூணு பேரும் சும்மா குந்தினு இருப்பீங்களா? லைன் அப்படியா ஓடுது?” என்று கேட்டபடியே தோல் வெட்டும் கத்தியை எடுத்து, புத்தம்புதுப் புத்தகத்தை முதுகிலிருந்து நான்கு துண்டாக வகுந்துவிட்டாள். நாங்கள் பதறிப் பிடுங்கப் போவதற்குள் ஷூ பெட்டி அட்டையைக் கத்தரித்துச் சொல்யூஷன் தடவி ஒவ்வொன்றுக்கும் மேலட்டை ஒட்டி, கூடவே ஒரு பண்டில் கார்டையும் கட்டிவிட்டாள். கம்பெனியில் வெட்டிய தோல்களைக் கட்டாகக் கட்டி ஒவ்வொரு மேசையாக அனுப்பும்போது கூடவே போகிற சீட்டு அது. வேலையை முடித்தவர் அதில் பெயர் எழுதி ‘ஓகே’, ‘ரீவொர்க்’, ‘ரிஜெக்ட்’ மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பண்டில் கை மாற வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

தோலைத் தனித்தனியாக வெட்டித் தைத்தால் ஷூ வந்துவிடும். கதை அப்படி வராது என்பது அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்கு முதல் பண்டில் கிடைத்ததால் நான் மட்டும் கதையை ஒழுங்காகப் படித்தேன், அந்தப் பெருமையில் கால் தரையில் படாமல் திரிந்தேன். மெர்சி இரண்டாவதில் தொடங்கினாள், நஸ்ரீன் மூன்றாவதில். சுதா தானாகவே நாலாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எந்தக் கதையானாலும் முடிவைத் தெரிந்துகொண்டுதான் அவளுக்குத் தொடக்கமே ஓடும்.

அந்த நாட்களில் எங்கள் நால்வருக்கும் நடந்த விவாதம் போல் ஒன்றை அப்புறம் நான் எங்குமே கேட்டதில்லை. வேலிக்கதவைக் காக்கிற வாசல்காரத் தேவதை ஒருவன் கதையில் உண்டு. முதல் பண்டிலைப் படித்த எனக்கு அவன் அயோக்கியன், இரண்டாவதைப் படித்த மெர்சிக்கு அவன் தங்கமானவன், மூன்றாவதைப் படித்த நஸ்ரீனுக்கோ அவன் சுத்தப் பைத்தியம். ‘ரீவொர்க். வாசக்காரனுக்கு மூள வெச்சி தெக்கணும்’ என்று கார்டில் எழுதிவைத்தாள். தேவதைகள் உப்பைத் தொட மாட்டார்கள் என்ற இடத்தில் ‘ஓகே. ஆனா பிரியாணி எப்டி?’ என்று மெர்சி எழுதியிருந்தாள். நான் மட்டும் ‘மிக அருமையான வர்ணனை’ என்று பரீட்சைத் தாள் மாதிரி எழுதினேன். உண்மையிலேயே அருமையான புத்தகம்தான். முதல் பாகத்தில் அந்த நாட்டைப் பார்த்துப் பயந்த நாங்கள், இரண்டாம் பாகத்தில் அந்தத் தேவதைகளின் கோபத்துக்குப் பின்னால் இருந்த பழைய துக்கத்தைத் தெரிந்துகொண்டு அவர்களுக்காகவும் அழுதோம். நாலாகக் கிழித்தும் கெடாத கதையை எழுதியவருக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் சுதாவுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சின்ன ஆபரேஷன்தான் என்று அப்பா சொன்னார். ஆனால் இரண்டு பெரியப்பாக்களும் ரத்தம் கொடுக்க வருகிறார்கள் என்று காதில் விழுந்தபோது அது சின்னது இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு நான் மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கதையில் அந்தத் தங்கை வேலியைத் தாண்டித் திரும்பி வந்துவிட்டால் என் தங்கையும் வந்துவிடுவாள். இதை நஸ்ரீனிடமும் மெர்சியிடமும் மட்டும் சொல்லி அழுதேன். அடுத்த ஞாயிறு எனக்கு நாலாவது பண்டில் முறை. ஆஸ்பத்திரியில் சுதாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முடிவைச் சத்தமாகப் படித்துக் காட்டுவதாகத் திட்டம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நஸ்ரீனும் அவள் அம்மாவும் மெர்சியும் வேலூருக்கு வந்தார்கள். பண்டில் வரவில்லை. மெர்சியின் தம்பி அதைத் தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டான், கார்டு உட்பட எல்லாம் கூழாகிவிட்டது என்றாள் நஸ்ரீன். எனக்கு உயிரே போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “எண்டு சூப்பர்டி, தங்கச்சிய கூட்டினு வந்துட்றா” என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்து முழுக்கதையையும் சொல்லத் தொடங்கினாள். அக்காவும் தங்கையும் வெள்ளைக் குதிரையில் வேலியைத் தாண்டியதாக அவள் சொல்ல, இருவரும் கை கோத்து நடந்தே வந்ததாக மெர்சி சொல்ல, இரண்டு பேரும் முழித்தார்கள். “குதிர பாதி வழில நின்னுடுச்சி, அதான் எறங்கி நடந்தாங்க” என்றாள் சுதா, தலையணையில் சாய்ந்தபடி, ஏதோ பக்கத்தில் நின்று பார்த்தவள் போல. நான் நம்பினேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், மறுநாள் அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது எல்லோரும் அழ, நான் ஒருத்திதான் சிரித்துக் கையாட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பண்டிலைப் பற்றி அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. முடிவுதான் தெரிந்துவிட்டதே.

போன மாதம் வேலூரில் ஒரு புத்தகக் கடையில் இரண்டு பாகமும் புதுப் பதிப்பில், வழவழ அட்டையோடு அடுக்கியிருந்தன. இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி, நேராகக் கடைசி அத்தியாயங்களைத் திறந்தேன். குதிரையும் இல்லை, நடையும் இல்லை. தன்னைத் தேடி மறுபடி உள்ளே வந்த அக்கா வெளியே போவதற்காகத் தங்கை தன் ஆயுளை வாசல்காரனிடம் கொடுத்துவிட்டு வேலி ஓரத்திலேயே செத்துப்போகிறாள். நிமிர்ந்து பார்த்தபோது ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வந்திருந்தது. பிளாட்பாரத்தில் இறங்கி நின்று, ஓசூரில் வேலை பார்க்கும் சுதாவுக்குப் போன் போட்டேன். அந்தத் தங்கை செத்துவிடுகிறாளே என்றேன். தெரியும் என்றாள். நஸ்ரீனும் மெர்சியும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், முடிவைப் படித்திருந்த நீயும் ஒத்து ஊதியிருக்கிறாய் என்றேன்.

“அவங்க இல்லக்கா. நீ முடிச்சு போட்டுக்கினத நஸ்ரீன் எங்கிட்ட வந்து சொல்லிட்டா. ஆபரேஷனுக்கு அப்பறம் பண்டில எங்கிட்டயே குடுத்துட்டாங்க, எங்கிட்டதான் இருக்குது.”

“இத்தன வருஷமா?”

“நீ கேக்கவே இல்லையே.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து கொடுத்தாள். அம்மா வேலை பார்த்த கம்பெனியை இப்போது மூடிவிட்டார்கள். மற்ற இடங்களில் பண்டில் கார்டுக்குப் பதில் பார்கோடு ஸ்டிக்கர், அதில் யாரும் எதையும் எழுத முடியாது. ஷூ பெட்டி அட்டை மஞ்சளாகிவிட்டிருந்தது. மோந்து பார்த்தேன், சொல்யூஷன் வாசனை கொஞ்சம்கூட இல்லை. கார்டு மட்டும் கட்டியபடி அப்படியே இருந்தது. மேலே பென்சிலில், ஏழாம் வகுப்புக் குண்டு எழுத்தில், ‘ரிஜெக்ட்’. அதற்குக் கீழே நஸ்ரீனின் ‘ரிஜெக்ட்’, மெர்சியின் ‘ரிஜெக்ட்’. அடியில் மிச்சமிருந்த இடத்தில், வேறு பேனாவில், மறுபடி அதே குண்டு எழுத்து:

‘இத அக்காவுக்கு இப்ப குடுக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்சி நானே குடுக்கறேன். — சுதா.’