நாலாவது மணியில் செத்த ராஜா

என் தம்பி பஸ் சீட்டு தைக்கிறவன். நாங்கள் கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். நான் இரண்டாவது, அவனுக்கு அக்கா. அவன் ஐந்தாவது. நடுவில் இருக்கிற இரண்டு பேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இவன் கதைக்கு இடம் இருக்காது, அதனால் அவர்களை விட்டுவிடுகிறேன்.

ஏழாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே பட்டறை, ஒரே தகரக் கூரை. கிழிந்த சீட்டுகள் ஒரு பக்கம் மலை மாதிரி கிடக்கும். ரெக்ஸினை உரித்து, நசுங்கிப்போன ஃபோமைப் பிடுங்கி எறிந்து, புது ஃபோம் வெட்டி ஒட்டி, மேலே புதுத் துணியை இழுத்து ஆணி அடிப்பான். உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போன பிறகு சீட்டைத் தடவிப் பார்த்தே அவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறவர் என்று சொல்லிவிடுவான். அதைத் தவிர வேறு வித்தை எதுவும் தனக்குத் தெரியும் என்று அவன் சொல்லிக்கொண்டதில்லை. மகன் கல்யாணம் வரைக்கும் அப்படித்தான் இருந்தான்.

மருமகள் தங்கமான பெண். அவள் அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். மனிதர் நேர்மையானவர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். கல்யாணச் சாப்பாட்டில் அவரும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் எதிரில். வாத்தியார் ஏதோ ஒரு பழைய ராஜா கோட்டை கட்டினதைப் பற்றித் தன் நண்பருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தம்பிக்கும் பேச்சில் கலந்துகொள்ள ஆசை. அந்த ராஜா உட்கார்ந்த சிம்மாசனத்தில் மெத்தை இருந்ததா, வெறும் பலகையா என்று கேட்டான். அவன் தொழிலுக்கு அது நியாயமான கேள்விதான். வாத்தியார் சிரித்த முகமாகவே சொன்னார்.

"சம்பந்தி, அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். நீங்க சாப்பிடுங்க."

அவ்வளவுதான். சுற்றியிருந்தவர்கள் காதில்கூட விழவில்லை. ஆனால் தம்பி அதற்குப் பிறகு இலையில் எதையும் தொடவில்லை.

அடுத்த வாரமே நூலகத்தில் போய் நின்றான். அங்கே கண் தெரியாதவர்களுக்காக ஒலிநூல் பிரிவு ஒன்று தொடங்கி, அதற்கு யாரும் சரியாக வராததால், வேலை செய்துகொண்டே கேட்கிற எல்லாருக்கும் என்று திறந்து விட்டிருந்தார்கள். கதைப் புத்தகம் எதுவும் கிடையாது. அறிவைப் பற்றியது, வேலையைப் பற்றியது, வரலாறு, இந்த மூன்று வகைதான். நூலகர் அம்மா கம்ப்யூட்டரிலிருந்து அவன் போனில் ஏற்றிக் கொடுத்தார். தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டு, ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொண்டான். இன்னொரு காது முதலாளிக்கு. கையெல்லாம் பசை என்பதால் போனை வெளியே எடுக்கவே மாட்டான். ஒரு நூல் முழுக்கத் தானாக ஓடும். அத்தியாயத்துக்கு எண் சொல்லமாட்டார்கள், ஒரு மணிச் சத்தம் மட்டும் கேட்கும். தம்பி அந்த மணியை எண்ணிக்கொள்வான்.

மூன்று வருஷத்தில் அறுபத்தொரு நூல் கேட்டான். பட்டறையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். கேட்பதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை, அவன் அபிப்பிராயமும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து டீயைக் கையில் வாங்கும்போதே ஆரம்பித்துவிடுவான்.

அறிவைப் பற்றிய நூல் ஒன்று அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. முதல் மணிக்குள் அறிவு என்றால் என்ன என்று கேட்கிறார்கள், நாலாவது மணிக்குள் அது என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறார்கள், அதற்குப் பிறகு உட்கார்ந்து அதை அளக்கிறார்கள் என்றான். தெரியாது என்று சொல்லிவிட்டு அளக்கிறாரே நூலாசிரியர், அந்த மாதிரி யோக்கியமான மனிதரை இதுவரை பார்த்ததில்லை என்று உருகினான். அவன் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

"மூளையைப் பத்திப் பதினெட்டு மணி நேரம் கேட்டாரு அண்ணி. அது முடிஞ்ச அன்னைக்கு அடுப்புல பாலை வச்சிட்டு மறந்துட்டு வந்துட்டாரு. பாத்திரத்தை நான்தான் தேய்ச்சேன்."

வேலையைப் பற்றின நூல்கள் வேறு விதமாக வேலை கொடுத்தன. நேரத்தை வீணாக்குகிறாய் என்று முதலில் திட்டுகிறார்கள், உடனே ஓய்வெடு, ஊர் சுற்று, வேலையிலிருந்து நிம்மதியாக விலகு என்கிறார்கள், அதற்குப் பிறகுதான் விடியற்காலையில் எப்படி எழுந்திருப்பது என்று சொல்லித் தருகிறார்கள். தம்பி அப்படியே செய்து பார்த்தான். காலையில் பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக ஃபோம் கட்டின் மேல் படுத்துவிட்டான். முதலாளி வந்து பார்த்தார். நூலில் இப்படித்தான் இருக்கிறது என்று தம்பி விளக்கினான். எழுதினவரையே வந்து நாளைக்குள் நாற்பது சீட்டு தைத்துக் கொடுக்கச் சொல் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

வரலாறுதான் எனக்குப் பிடிக்கும். எனக்கு மூன்றாம் வகுப்புதான் படிப்பு, ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ராஜாக்கள் கதை என்றால் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையும், மச்சினன் கையில் சாவியைக் கொடுத்த கதையும்தானே. தம்பி சொல்லச் சொல்ல நான் விரல் விட்டு உறவை எண்ணுவேன். ஒருநாள் கணக்கு உதைத்தது.

"ஏன்டா, பேரனுக்குப் பட்டம் கட்டின பிறகு தாத்தாவுக்குக் கல்யாணம் நடக்குதே, அது எப்படிடா?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, அதுக்குப் பேரு அறிஞர் முறை. பெரிய படிப்பு படிச்சவங்க நேரா சொல்லமாட்டாங்க. முதல்ல ஆரம்பத்தைச் சொல்லி, சட்டுனு முடிவுக்குப் போயி, அப்புறம் நடுவுக்கு வருவாங்க."

இதை அவன் சும்மா சொல்லவில்லை. மூன்று நாள் யோசித்துக் கண்டுபிடித்தானாம். நாங்களும் பழைய சீட்டைப் பிரிக்கும்போது கடைசியாக வைத்ததைத்தானே முதலில் கழற்றுகிறோம் என்றான். ஒன்பது மணிச் சத்தத்துக்குள் முடிகிற சின்ன நூல்கள் மட்டும் நேர்வழியில் போகின்றன, அவை சின்னப் பிள்ளைகளுக்காக எழுதினவை என்றும் சொன்னான். படிக்காதவள் நான், எதிர்த்துப் பேசவில்லை. மனசுக்குள் மட்டும் அந்தத் தாத்தா கல்யாணம் உறுத்திக்கொண்டே இருந்தது.

நூலக மேசையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கருத்து நோட்டு ஒன்று உண்டு. கேட்டவர்கள் அதில் எழுத வேண்டும். தம்பி ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் எழுதுவான், எழுத்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதைப் படித்துப் படித்துத்தான் நூலகர் அம்மா ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, ஞாயிறு காலை வாசகர் கூட்டத்தில் மூன்று வகையிலும் வகைக்கு ஒரு நூலாக எடுத்துப் பேச வேண்டும் என்று சொன்னார்.

தம்பி நேரே என்னிடம் வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. கூட்டத்துக்கு வாத்தியாரும் வருகிறார். அவர் அந்த நூலகத்தின் பழைய உறுப்பினர், முன்வரிசை நாற்காலி அவருக்கு எழுதி வைத்த மாதிரி.

"அவரு ஒரு தடவை தலையாட்டினா போதும் அக்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஒரு தலையாட்டலுக்கு மூன்று வருஷமா என்று கேட்க வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் போய் இடத்தைப் பார்த்தவன், பேச்சாளர் நாற்காலியின் மெத்தை கிழிந்திருப்பதைக் கண்டு அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். பேச்சு எப்படிப் போனாலும் நாற்காலியை யாரும் குறை சொல்ல முடியாது.

கூட்டத்துக்கு இருபது பேர் இருக்கும். முன்வரிசையில் வாத்தியார், பக்கத்தில் மருமகள், அவளுக்கு அடுத்து நான். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்றான். அறிவு நூலின் யோக்கியத்தைச் சொன்னான். வேலை நூலைப் பற்றிச் சொல்லும்போது, இதை எழுதினவர் வேலை நேரத்தில் எழுதியிருக்கமாட்டார் என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அதில் தைரியம் வந்து வரலாற்றுக்குப் போனான்.

அவன் எடுத்த நூலில் ஒரு ராஜா சின்னப் பிள்ளையில் எதிரிக்குப் பயந்து தானியக் குழியில் ஒளிந்துகொள்கிறான். இரண்டாவது மணியில் போரில் தோற்கிறான். மூன்றாவதில் சிறை. நாலாவது மணியில் செத்துப்போகிறான், பேரன் பட்டத்துக்கு வருகிறான். அதற்குப் பிறகுதான் நூலாசிரியர் திரும்பி வந்து அவன் கல்யாணத்தையும், வெட்டின வாய்க்காலையும், கட்டின அரண்மனையையும் சொல்கிறார்.

"ஏன் அப்படி வச்சாருன்னு யோசிச்சுப் பாத்தேன். அரண்மனைக்கு அஸ்திவாரக் கல்லு போடும்போது, நூறு வருஷம் இதுல நான் வாழுவேன்னு அவன் சொல்றான். ஆனா அவன் சிறையில ஈரத் தரையில சாகப்போறது நமக்கு ஏற்கனவே தெரியும். வயித்தைப் பிசையுதுங்க. நேரா சொல்லியிருந்தா பிசையாது."

நான் வாத்தியாரின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை. அவர் கையைத் தூக்கினார்.

"ஒரு சின்ன திருத்தம் சம்பந்தி. அந்தப் புத்தகம் எங்கிட்ட இருக்கு. ராஜா சாவுறது நாலாவது அத்தியாயத்துல இல்ல, பன்னிரண்டாவதுல. அதான் கடைசி."

"இல்ல சம்பந்தி. நாலாவது மணி. நான் எண்ணினேன்."

"நானும் எண்ணியிருக்கேன். அச்சுல எண் போட்டிருக்கு."

இரண்டு பேரும் மரியாதையாகவே சண்டை போட்டார்கள். நூலகர் அம்மா எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் விளக்கினார். எனக்குப் புரிந்தது இதுதான்: ஒன்று என்று தொடங்குகிற எண் எல்லாம் கம்ப்யூட்டருக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று ஏறினதும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லாம் கூடவே பஸ்ஸில் ஏறிவிடும். அந்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்த பிறகுதான் இரண்டாம் எண்ணுக்குக் கதவு திறக்கும். தம்பி கேட்ட பெரிய நூல்கள் எல்லாமே அப்படித்தான் ஏறியிருந்தன.

தாத்தா கல்யாணம் எனக்கு அப்போதுதான் சரியானது. சந்தோஷப்பட முடியவில்லை. தம்பி கையிலிருந்த குறிப்புத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பின்வரிசையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி, தைத்துக் கொடுத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தன் கையால் போட்ட மெத்தையே அவனைக் குத்தின மாதிரி இருந்தது அவன் உட்கார்ந்த விதம்.

வாத்தியார் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கும் இதே வரிசையில்தான் ஏற்றிக் கொடுத்தீர்களா என்று நூலகர் அம்மாவைக் கேட்டார். ஆமாம், நாற்பத்து மூன்று பேருக்கும் என்று அவர் ஒத்துக்கொண்டார். வரிசை ஏன் இப்படி என்று மூன்று வருஷத்தில் யாராவது கேட்டார்களா என்றார். ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியார் எழுந்து போய், கயிற்றை அவிழ்த்து அந்தக் கருத்து நோட்டை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

"நன்று. நன்று. மிக நன்று. குரல் இனிமை. நன்று. அத்தியாயங்களை அடுக்கிய வரிசை அருமை."

கடைசியில் வாசித்ததை எழுதினவர் யார் என்று பார்த்தார். லாரி ஓட்டுநரின் சிரிப்பு நின்றுவிட்டது. வாத்தியார் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். இடித்துக்கொண்டு நிற்கிற எழுத்து தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"இதில் பேரன் முன்னால் வருகிறான், தாத்தா பின்னால் வருகிறார். ஏன் என்று மூன்று நாள் யோசித்தேன். இரண்டு சீட்டைத் தப்பாகத் தைத்துவிட்டேன்."

அவர் நோட்டை மூடினார். நூலகர் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"நாற்பத்து மூணு பேர்ல ஒருத்தர்தான்மா கேட்டிருக்காரு. மத்தவங்க தூங்கியிருக்காங்க."

தம்பி நிமிரவில்லை. அவனுக்கு அது பாராட்டா, சமாதானமா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், அறுபத்தொன்றையும் முதலிலிருந்து கேட்கணுமே அக்கா என்று புலம்பிக்கொண்டே வந்தான். அதில் நேர்வழியில் போன சின்னப் பிள்ளைகள் நூல்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

நூலகர் அம்மா எல்லாவற்றையும் சரி செய்து கொடுத்தார். தம்பிக்கு அது ருசிக்கவில்லை. நேராக வருகிறது, சப்பென்று இருக்கிறது என்றான். முன்பெல்லாம் ஒன்பதாம் அத்தியாயத்தோடு நூல் முடியும்போது ராஜா யானை மேல் ஊர்வலம் போய்க்கொண்டிருப்பான், இப்போது ஒவ்வொரு ராஜாவும் கடைசியில் செத்துத் தொலைக்கிறான் என்று வருத்தப்பட்டான். வேலை நூலில் ஓய்வு கடைசியில் வருகிறது என்று தெரிந்ததும் முதலாளிக்கு மட்டும் மகிழ்ச்சி.

ஒரு மாதம் கழித்து தம்பி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். வாத்தியாரும் வந்திருந்தார். மருமகள் முன்பே என் காதில் போட்டிருந்தாள்: அப்பா அந்த ராஜா புத்தகத்தை மறுபடி எடுத்து, ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பிறகு இரண்டு என்று பக்கங்களில் துண்டுச்சீட்டு வைத்துப் படிக்கிறாராம். இதை அவரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவரே இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு சொன்னார்.

"அஸ்திவாரக் கல்லு இடம் வந்துச்சு சம்பந்தி. நீங்க சொன்ன மாதிரி பிசையத்தான் செய்யுது."

தம்பி கையைக் கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வந்தான். வாத்தியார் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

"நீங்க சொல்லுங்க சம்பந்தி. நான் சாப்பிடுறேன்."

அதற்குப் பிறகு தம்பி பேசினான். சிம்மாசனத்தில் பஞ்சு வைத்தார்களா இல்லையா என்று அறுபத்தொரு நூலில் ஒருவர்கூட எழுதவில்லை, உட்காராமலா ஆண்டார்கள் என்பதில் தொடங்கினான். வாத்தியார் சாப்பிட்டு முடித்து, கை காய்ந்து போகிறவரை எழுந்திருக்கவில்லை. தம்பி சோறுதான் அன்றும் அப்படியே இருந்தது.