பெப்பர்மிண்ட் வக்கீல்

நுவரெலியாக் கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளன். பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே என் பிழைப்பு. அதனால், பிறர் சொன்னது சாட்சியமாகாது என்று எப்போதும் முழங்கும் ஒரு வக்கீலைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர் வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மிண்ட் உருளும்.

அன்று தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர்மேல் கொலை வழக்கு, மாஜிஸ்திரேட் முன் முதல் விசாரணை. கங்காணிக்கு வாதாடியவர் அதே வக்கீல். பார்த்தவர் யாருமில்லை. குத்துப்பட்டவன் சாகுமுன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விழுந்து அலறியதை அவனுடைய அக்கா கேட்டிருந்தாள். குத்துப்பட்ட கணத்தில் தானாக வந்த அலறல் என்றால்தான் கோர்ட் அதை நம்பும்.

"தம்பி என்ன சொன்னான்?" வக்கீல் அவளைக் கேட்டார்.

"கங்காணி குத்திட்டாருன்னு கத்துச்சுங்க."

"வயித்துல கத்தி. ஒரு கெட்ட வார்த்தைகூட வரலியா?"

அவள் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இல்லீங்க."

"பாத்தீங்களா, கனம் நீதவான் அவர்களே! நிதானமா யோசிச்சு ஜோடிச்ச பேச்சு."

கங்காணி விடுதலையானார்.

வெளி விறாந்தையில் வக்கீலைக் கண்டதும் அவள் வாயிலிருந்து ஒரு வசவு வெடித்தது. "என் தம்பியும் இதைச் சொல்லித்தான்டா அந்தக் கங்காணியத் திட்டுனான்! பெரியவங்க முன்னால எப்படிடா சொல்றது?"

"நீ சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதாம்மா கேட்டேன்" என்றார் அவர், பெப்பர்மிண்டை மறுகன்னத்துக்குத் தள்ளியபடி.

அந்த வசவுக்குச் சரியான இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.