மஞ்சள் பூசிய மனைக்கற்கள்

நெருப்பில் சுட்ட காட்டுவள்ளிக் கிழங்கை உள்ளங்கையில் உருட்டி, கருகிய தோலைப் பிளந்தால் குப்பென்று ஒரு மணம் கிளம்பும். மழை விழுந்த மண்ணும் விறகுப் புகையும் கலந்த மணம். வாயில் போட்டால் முதலில் மாவாகக் கரைந்து, பிறகு தொண்டையில் லேசாக நமைக்கும். அந்த நமைச்சல் இல்லாத கிழங்கு கிழங்கே இல்லை என்பது எங்கள் வீட்டுக் கட்சி. எண்பதுகளின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில், நசரத்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஏரிக்கரையில் எங்கள் குடிசைகள் இருந்தன. நாங்கள் இருளர். பெங்களூர் ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் எங்களுக்கு எந்நேரமும் கேட்கும்; அந்த லாரிகளில் போகிறவர்களுக்கோ நாங்கள் அங்கே இருப்பதே தெரியாது.

ஏரிக்குத் தெற்கே கன்னியம்மா காடு இருந்தது. காடு என்றதும் புலி, கரடி என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். வேம்பும் ஈச்சையும் களாவும் காரையும் நொச்சியும் பின்னிக் கிடந்த புதர்க்காடு அது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று, புற்றோரம் ஏழு கல். அந்த ஏழு கல்தான் எங்கள் கன்னியம்மா. என் நைனா பிறந்தது அந்தக் காட்டில், அவருடைய நைனா பிறந்ததும் அங்கேதான். நான் பிறப்பதற்குமுன் ரைஸ்மில்காரர் ஒருவர் ஆள் வைத்துக் குடிசைகளைப் பிரித்துப் போட்டு, காட்டைச் சுற்றி முள்கம்பி இழுத்து, எங்கள் ஜனத்தை ஏரிக்கரைக்குத் துரத்திவிட்டார். ஏன் என்று கேட்கிற தைரியம் அன்றைக்கு யாருக்கும் இல்லை. துரத்தினவரின் மில்லிலேயே நெல் அவிக்கப் போனார்கள், வயிறு இருக்கிறதே.

நைனாவின் அக்கா பச்சையம்மா அத்தைக்கு மட்டும் அந்தக் கம்பி கண்ணிலேயே படாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிக்குக் கீழே நுழைந்து கிழங்கு தோண்டப் போவாள்; நானும் பின்னாலேயே நுழைவேன். கிழங்கை முழுசாக எடுத்ததும், கொடியோடு சேர்ந்த அதன் தலையை மட்டும் அரிந்து, அதே குழியில் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதிப்பாள். இதற்கு எங்களிடம் "தலை வைக்கிறது" என்று பேர். தலை வைக்காமல் வந்தவள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டக்கூடாது. ஈசல் பிடிக்கப் போனாலும் ஒரு புற்றை முழுசாக வழிக்கமாட்டோம், சினைப்பாம்பைத் தொடமாட்டோம். கம்பி கட்டினவன் பூமிக்கு நீ எதுக்குச் சம்பளமில்லாமல் விவசாயம் பார்க்கிறாய் என்று நைனா கிண்டல் பண்ணுவார். அத்தைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

"பூமி என்துன்னு அவன்தான் சொல்லிகினு கீறான். பூமி இன்னும் சொல்லல."

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். அந்தக் காட்டோரம் திரும்பக் குடிபோய், தன் கையால் அங்கே ஓர் அடுப்பு மூட்டிவிட வேண்டும். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துகொண்டது நடந்துவிட்டால், நேர்ந்தவர்கள் கன்னியம்மா பக்கத்தில் ஒரு கல் நட்டு மஞ்சள் பூச வேண்டும். பிள்ளை பிறந்தாலும், காணாமல் போன மாடு திரும்பி வந்தாலும் கல்தான். நடுகிற அளவுக்கு நல்லது எதுவும் எங்களுக்கு நடக்காததால் கம்பி வந்த பிறகு புதுக் கல் எதுவும் சேரவே இல்லை. அது அத்தைக்குப் பெரிய குறை.

ஒரு வருஷம் கோடை முழுக்க மதுராந்தகம் பக்கம் சவுக்கு வெட்டப் போயிருந்த நாங்கள், ஆடி பிறந்த பிறகுதான் திரும்பினோம். முதல் வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் எல்லாரும் மஞ்சளும் வேப்பிலையுமாகக் கம்பிக்குள் நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காடு முழுக்கக் கல். முழங்கால் உயரத்தில், வெள்ளையடித்து, பார்த்த இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கல். அங்கங்கே புதரை வெட்டிப் பாதைபோல ஒதுக்கியும் இருந்தது. திருவிழாவுக்குத்தான் யாரோ வழி பண்ணியிருக்கிறார்கள் என்று அத்தை தீர்மானித்துவிட்டாள். திருத்தணிப் பக்கத்து ஜனமா, பொன்னேரிப் பக்கத்து ஜனமா, எத்தனை பேருக்கு நேர்ந்துகொண்டது நடந்திருக்கிறது பார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நட்டவர்கள் அவசரத்தில் மஞ்சள் பூசாமல் போய்விட்டார்கள், அவ்வளவுதான் அவள் கண்டுபிடித்த குற்றம்.

பூசினோம் பாருங்கள், அப்படிப் பூசினோம். கொண்டுபோன மஞ்சள் தீர்ந்து, கடைக்கு ஓடி வாங்கி வந்து, உச்சி வெயில் வரைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகினோம். கற்களில் சிவப்புப் பெயிண்டால் ஏதோ எழுதியிருந்தது. எண்கள் எனக்குப் படிக்க வரும். கல்லில் நம்பர் போட்டிருக்கிறதே என்று அத்தையிடம் கேட்டேன். கூட்டம் சேர்ந்தால் நம்பர் போடாமல் என்ன செய்வார்கள், ரேஷன் கடையில் நமக்குப் போடவில்லையா, கன்னிமாருக்கும் போட்டிருக்கிறார்கள் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து ஒரு வேன் வந்தது. பாக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பங்கள், மதுரை, சேலம், திருநெல்வேலி என்று பல ஊர்க்காரர்கள், ரிட்டையர் ஆவதற்குள் சொந்தமாக ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள். அவர்களுக்குக் "கலர்" வாங்கி வைத்துக்கொண்டு ரைஸ்மில்காரர் காத்திருந்தார். அவர் மனை போட்டு விற்கத்தான் அந்தக் கற்களை நட்டிருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதும் தெரியாது. வேனைப் பார்த்து, கல் நட்டவர்கள்தான் கும்பிட வந்துவிட்டார்கள் என்று அத்தை சந்தோஷமாக வரவேற்கப் போனாள்.

வேனிலிருந்து முதலில் இறங்கிய திருநெல்வேலிக்கார அம்மா, மஞ்சளும் குங்குமமுமாக நின்ற கற்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். ரைஸ்மில்காரர், இதெல்லாம் மனைக் கல்லுங்க, தெரியாத ஜனம் ஏதோ பண்ணிவிட்டது, கழுவிவிடலாம் என்று சிரித்துச் சமாளித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ஏ ஐயா, சாமி குடியிருக்க எடத்துல எங்கள அடுப்பு வைக்கச் சொல்லுதியளே, எங்க பிள்ளைய நல்லாயிருக்க வேண்டாமா?"

அதற்குமேல் ஒருத்தர்கூட உள்ளே அடி எடுத்து வைக்கவில்லை. அந்த அம்மா ஒரு கல்லிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டாள். வேன் வந்த வழியே திரும்பிப் போயிற்று. கலரை நாங்கள்தான் குடித்தோம்.

மறுநாள் ரைஸ்மில்காரர் ஆட்களோடு ஏரிக்கரைக்கே வந்துவிட்டார். கல்லெல்லாம் என்ன கல் என்பது அவர் கத்திய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. வேலை போய்விடும், போலீஸ் வரும், கழுவிவிட்டு வந்துவிடலாம் என்று நைனா கெஞ்சினார். அத்தை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பேருக்கு நல்லது நடந்தது என்று அழுதாளே, அது ஒன்றும் நடக்கவில்லை என்கிற துக்கம்தான் அவளுக்கு அப்போது பெரிதாக இருந்தது. பிறகு எழுந்து புடவையைச் செருகிக்கொண்டாள்.

"கல்லு உன்துதான். மஞ்சளு அவுளுது. வெச்ச மஞ்சள எடுக்கற பயக்கம் எங்களாண்ட கெடியாது. மய வந்து எடுத்தா எடுக்கட்டும்."

அது அவள் அந்த நேரத்துக்குக் கட்டிவிட்ட கதை இல்லை. பூசின மஞ்சளை மனுஷக் கை கழுவக்கூடாது, வானம்தான் கழுவலாம் என்பது எங்களில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த முறை. ரைஸ்மில்காரர் தன் ஆட்களைக் கழுவச் சொன்னார். ஆட்கள் கல்லைத் தொட மறுத்துவிட்டார்கள். புல்டோசர் ஒன்றை வரவழைத்தார். அதன் டிரைவர் கற்களைப் பார்த்து, எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு முதலாளி என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆகட்டும், மழை வரட்டும், அதுவரைக்கும்தானே என்று ரைஸ்மில்காரர் சவால் விட்டுப் போனார்.

இத்தனை கன்னிமாரை நாமே உண்டாக்கிவிட்டு இருட்டில் விடுவதா என்று அத்தை அன்று சாயங்காலமே விளக்கோடு கிளம்பினாள். தினமும் விளக்கு வைக்கப் போனோம். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு குடிசை வேண்டியிருந்தது, போட்டோம். குடிசையில் தனியாக இருக்கிற அத்தைக்குத் துணை வேண்டும் என்று இன்னொன்று. ஐப்பசி பிறப்பதற்குள் ஏரிக்கரையில் பாதி வீடு காலியாகிக் காட்டோரம் வந்துவிட்டது. நைனாவும் மில் வேலையை உதறிவிட்டுக் கீற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அந்த வருஷம் அதுவரை பொய்த்துப் போயிருந்த மழையும் ஒருவழியாக வந்தது. விடியற்காலை பிடித்தது நிற்கவே இல்லை. கற்களிலிருந்து மஞ்சள் வழிந்து காடே மஞ்சள் தண்ணீராக ஓடியது. அடியிலிருந்து சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. ஜீப்பில் குடையோடு வந்து இறங்கினார் ரைஸ்மில்காரர், பின்னால் கடப்பாரையோடு ஆட்கள். மழை எடுத்துவிட்டது, இனி உங்களுக்கு என்ன பேச்சு என்றார். அத்தை அரைத்த மஞ்சள் உருண்டையை எடுத்து முதல் கல்லில் அப்பினாள். மழை கழுவியது, திரும்ப அப்பினாள். நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு கல்லைக் கட்டிக்கொண்டோம். நான் என் கல்லின்மேல் குனிந்து முதுகைக் குடையாகப் பிடித்தேன். மஞ்சள் தீர்ந்துகொண்டே வந்தது. ஆட்கள் அது தீரட்டும் என்று பொறுமையாக நின்றார்கள்.

அப்போதுதான் ரோட்டிலிருந்து சேற்றை மிதித்துக்கொண்டு சில பெண்கள் வருவது தெரிந்தது. முன்னால் திருநெல்வேலிக்கார அம்மா, தலையில் பிளாஸ்டிக் பை கவிழ்த்திருந்தாள். வெகுநாள் பிள்ளையில்லாதிருந்த அவள் மகள் முழுகாமல் இருக்கிறாளாம். நேர்த்திக்கடன் தீர்க்க, குவார்ட்டர்ஸ் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி, பை நிறைய மஞ்சள் தூளோடு வந்திருந்தாள். ரைஸ்மில்காரரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் கல்லிடம் போய் உட்கார்ந்து பூசத் தொடங்கினாள். கடப்பாரை வைத்திருந்த ஆட்களில் ஒருவர், போதும் முதலாளி, இனிமே நம்மளால ஆவாது என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். ஜீப் சேற்றில் சிக்கியது. அதைத் தள்ளிவிட்டதும் எங்கள் நைனாதான். அன்றைக்கு அத்தை போட்ட குலவைச் சத்தத்தில் லாரிச் சத்தம் கேட்கவே இல்லை.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. போலீஸ் வந்தது, கேஸ் போட்டார்கள். திருவள்ளூர்ப் பக்கம் சங்கம் சேர்ந்திருந்த எங்கள் ஜனம் துணைக்கு வந்தது. காட்டுக்குப் பட்டா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ரைஸ்மில்காரரிடம் அப்படிப் பட்டா எதுவும் இல்லை, அது சர்க்காரின் தரிசு என்பது அளந்தபோது வெளியே வந்தது. சர்க்கார் நிலம் என்றால் எங்களையும் கிளப்பிவிடுவார்களோ என்று பயந்து, பெண்கள் அடுப்பு, பானை சகிதமாகத் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தோம். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று வருஷங்கள் ஓடின. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தாசில்தார் காட்டுக்கே வந்து, பெயர் பெயராகக் கூப்பிட்டு, காட்டோரம் வீட்டுமனைகளை எங்களுக்கென்று கொடுத்தார்; காடு எங்கள் ஊர்ப் பொதுவில், எங்கள் பொறுப்பில் இருக்கும் என்றும் அறிவித்தார். நைனா குழந்தைமாதிரி அழுதார். எனக்கு அந்தக் கணத்தில் ஏற்பட்ட கர்வம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையில் தேறியும், எந்த வேலை கிடைத்தும் அப்படி ஒரு கர்வம் வரவில்லை.

காடு கைக்கு வந்ததும், கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதரை வெட்டிப் பெரிய வீடாகக் கட்டலாம் என்று எங்கள் இளவட்டங்களுக்கே ஆசை வந்தது. அத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"நம்மளுக்கு ஊடு வோணும்னு கன்னியம்மா ஊட்ட இடிப்பியாடா?"

அன்றைக்குப் போட்ட கட்டுப்பாடு இன்றைக்கும் நிற்கிறது. ஓரத்தில் மட்டும்தான் வீடு. முள்கம்பியை நாங்களே பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டோம். கம்பி போன சில வருஷங்களில் மில்காரர் வெட்டின பாதைகளும் மூடிக்கொண்டன, கீரி திரும்பி வந்தது, நாங்கள் மறந்தே போயிருந்த மூலிகைகள் தலைகாட்டின. சினைப்பாம்பை யாராவது அடித்தால் ஊரே கூடிவிடும்.

இப்போது ஏரி பாதிதான் இருக்கிறது. நாங்கள் இருந்த கரை ரோடாகிவிட்டது. ரைஸ்மில் போய் அங்கே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ் ஏறி ஊருக்கு வரும்போது வழியில் வயல் என்று சொல்ல ஒரு துண்டுகூடக் கண்ணில் படுவதில்லை. பச்சையாகத் தெரிகிற ஒரே இடம் எங்கள் காடுதான்.

போன மாசம் அதன் எதிரில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள். அந்த ரைஸ்மில்காரரின் பேரன் அடுக்குமாடி கட்டுகிறானாம். போர்டு முழுக்க எங்கள் காட்டின் படம், அதன்கீழே, கானகத் தென்றல் தவழும் இல்லங்கள் என்று எழுத்து. அத்தைக்கு இப்போது கண் மங்கல். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, போர்டைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"தாத்தங்காரன் காட்ட விக்கப் பாத்தான், முடியல. பேரன் காத்த வித்துகினு கீறான். விக்கட்டும் வுடு, காத்து இங்கேர்ந்துதான போவணும்."