நான்கு விரல் இடைவெளி

போன ஞாயிறு நான் இருக்கும் செனாயில் விடாத மழை. துவைத்த துணியெல்லாம் நாற ஆரம்பித்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, காசு போட்டால் காயவைத்துத் தரும் டோபி கடைக்குப் போனேன். பக்கத்திலிருந்தவர் இயந்திரத்தின் கதவைத் திறந்தார். ஈரத்துணி வெந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், மனசு பத்து பாகாட் ஊருக்கு ஓடிவிட்டது.

அங்கே ஒரு துணி ஆலையின் உலர்த்தும் அறையில் என் அக்கா பரமேஸ் வேலை பார்த்தாள். நான் அப்போது முதுகலைப் பொறியியல் மாணவி. சிமுலேஷன் படிக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள், "கேமா?" என்று கேட்பார்கள். ஓர் அறையைக் கணினிக்குள் கட்டி, சூடான காற்றை ஓடவிட்டு, எங்கே சூடு, எங்கே குளிர் என்று வண்ணத்தில் பார்ப்பது என விளக்குவேன். "அதத்தான் ஒங்க அக்கா தெனமும் உள்ள போயி பாக்கறாளே" என்பார் அப்பா.

அந்த அறையையே ஆய்வுக்கு எடுத்தேன். ஆலை மேனேஜர் வரைபடம் கொடுத்தார், வெப்பமானிகள் மாட்ட அனுமதியும் தந்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய கணினிகள் நாலே நாலுதான். ஒரு கணக்கு ஓட்டத்துக்கு இரண்டு நாள். யாராவது அணைத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் திரைக்குத் திரை 'ஜாங்ஙான் துத்துப்', மலாயில் மூடாதே, அணைக்காதே என்று சீட்டு ஒட்டியிருக்கும். என் சீட்டு மூன்று மொழியில், மேலே ஒரு பிள்ளையார் படத்தோடு. சிரிக்காதீர்கள், அந்தக் கணினியை யாரும் தொட்டதில்லை.

கணினி காட்டிய படத்தில் அறை முழுக்க ஒரே சீராகச் சிவப்பு. ஆனால் நிஜ அறையின் இடது மூலை மட்டும் குளிர்ந்து கிடப்பதாக வெப்பமானிகள் காட்டின. வெப்பமானியைத் திட்டினேன், மாற்றினேன். அதே கதை. அந்த மூலையின் மூன்று அளவுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. என் ஆய்வு மேற்பார்வையாளர், காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு முறை தவணை நீட்டியாயிற்று. இன்னும் ஐந்து வாரத்தில் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குப் போய் நின்றேன். வரைபடத்தில் மூடியிருந்த இடதுபக்கக் கதவு திறந்திருந்தது. இடுக்கில் நூல் சுற்றும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைச் செருகியிருந்தார்கள். மேனேஜரோடு நான் வந்த நாளிலெல்லாம் அதை உருவிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்!

"அலமாக்! ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எழுதுவ. எழுதினா துணி காயலன்னு மூடிருவாங்க. நீ பட்டத்த வாங்கிட்டுப் போயிருவ, நாங்க உள்ள வேகணுமா?"

எனக்குக் கோபம் பொங்கியது. அந்த அறைக்குள் கால்மணி நேரம் நின்று பார்த்தபிறகு அடங்கிவிட்டது. ஈர ரேக்குகளை இழுக்கும் ஆறு பெண்களுக்கும் அந்த இடுக்குதான் மூச்சு.

"எவ்ளோ தொறப்பீங்க?" என்றேன்.

அக்கா நான்கு விரலைச் சேர்த்து இடுக்கில் வைத்துக் காட்டினாள். அளந்தேன். எழுபது மில்லிமீட்டர்.

"எழுதத்தான் போறேன். ஆனா மூட விடமாட்டேன், பாத்துக்க."

"கிழிச்ச லா" என்றாள் அக்கா.

கணினியில் அந்தக் கதவைத் திறந்து வைத்து மறுபடி ஓட்டினேன். இடது மூலை நீலமானது. வெப்பமானி சொன்னதே சரி. பட்டத்துக்கு அதுவே போதும். ஆனால் அத்தோடு விட்டால் அக்கா சொன்னதுதான் நடக்கும். கதவுக்குள்ளே ஒரு தகரத்தை நிறுத்தி, வரும் காற்றைத் துணிமேல் விடாமல் பெண்கள் நிற்கும் பக்கம் திருப்பிப் பார்த்தேன். சாய்வு சரியில்லை. மாற்றினேன். மறுபடி இரண்டு நாள். பிள்ளையார் நகரவில்லை, நானும் நகரவில்லை. எட்டாவது ஓட்டத்தில் மூலையும் சிவந்தது, கதவும் திறந்தே இருந்தது. கெடுவுக்கு முதல் நாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

மேனேஜர் என் யோசனை இருந்த கடைசிப் பக்கத்தை மட்டும் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். தகரம் வந்தது. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு கொக்கியும் வந்தது. கூம்பை அக்கா எனக்கே கொடுத்துவிட்டாள்.

ஆலை மூடி வருடங்களாகிவிட்டன. அங்கே இப்போது சோபா கிடங்கு. ஆய்வுக்கூடத்தில் சீட்டு ஒட்டும் வேலையும் போயிற்று, எல்லாம் எங்கோ தூரத்துக் கணினியில் ஓடுகிறதாம். டோபியிலிருந்து வந்ததும் பழைய கோப்பைத் திறந்தேன். புதிய மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. அக்காவைக் காணொளியில் அழைத்து, அந்தக் கதவு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் நான்கு விரலைச் சேர்த்துத் திரையில் காட்டினாள்.