அலுமினியத் தட்டும் அச்சடித்த சட்டமும்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் வரலாற்று ஆசிரியர்தான் விடுதிக் காப்பாளரும். ஐரோப்பாவில் யூத மாணவர்களைத் தனி பெஞ்சில் உட்கார வைத்த கதையை ஒருநாள் வகுப்பில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நாங்கள் உச்சுக் கொட்டினோம்.

அன்று மதியமும் என் வகுப்புத் தோழன் சாப்பாட்டுக்கூடத்தில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சேரியிலிருந்து வந்தவன். எங்களுக்குப் பித்தளைத் தட்டு, அவனுக்கு அலுமினியம். அதை அவனே கழுவி ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைக்க வேண்டும். விடுதிகளில் தீண்டாமை குற்றம் என்று சொல்லும் சட்டத்தை அச்சடித்து அதே கூடத்துச் சுவரில்தான் ஒட்டியிருந்தார்கள்.

அவன் கலெக்டருக்கு மனு எழுதிவிட்டான். விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காப்பாளர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். விடுதியில் எந்த வேறுபாடும் இல்லை என்று எழுதியிருந்தது.

"நல்ல குடும்பத்துப் பையன் நீ. மொதல்ல நீ கையெழுத்துப் போட்டீன்னா மத்தவங்களும் போட்டுருவாங்க கண்ணு."

"தட்டு தனியாத்தானுங்களே இருக்குது ஐயா?"

"அது சுத்தத்துக்கு வெச்சது. காலேஜு பேரைக் கெடுத்துப்போடாதே."

வீட்டுக்குக் கடிதம் போய்விடுமோ என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அலுமினியத் தட்டைக் காணோம். அவனையும் எங்கள் வரிசையிலேயே உட்கார வைத்தார்கள். அதிகாரி போண்டாவும் காபியும் சாப்பிட்டுவிட்டு, "சாட்சி சொல்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். எல்லோரும் குனிந்துகொண்டோம். அவன் மட்டும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். சாட்சி இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த நாள் தட்டு திரும்ப வந்தது. அவன் அதைத் தொடாமல் எழுந்து போனான். அந்த வாரமே விடுதியைக் காலி செய்தான்.

பஸ் நிலையத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்த ஆபீசர் தாளைக் காட்டுனாருங்க. உங்க கையெழுத்துத்தான் மொதல்ல இருந்துச்சு," என்றான். அதுவரை என்னை 'நீ' என்று கூப்பிட்டவன்.

காப்பாளரை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. படிப்பு முடியும்வரை அந்தக் கூடத்திலேயே, அந்தப் பித்தளைத் தட்டிலேயே சாப்பிட்டேன். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.