வெயிலில் வைக்காத பாட்டில்கள்

நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் ஒரு பெண் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்தாள். ஒன்றில் வெறும் காற்று, இன்னொன்றில் கரியமில வாயு. வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் வெகுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியே சூடாகும் என்று எழுதினாள். அறிஞர்கள் சபையில் அந்தக் கட்டுரையை வாசித்தது ஓர் ஆண். மூன்று வருஷம் கழித்து ஐரோப்பாவில் வேறொருவர் பெரிய கருவி வைத்து அளந்தார். பாடப் புத்தகங்கள் அவரைத்தான் கொண்டாடின. சமீபத்தில்தான் இதைப் படித்தேன். எனக்கு ஆச்சரியமே வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், காரைக்காலில் பிளஸ் டூ படிக்கும்போது, அவளைப் பற்றி எதுவுமே தெரியாமல் நானும் அதைச் செய்தேன். இரண்டு ஊறுகாய் பாட்டில், பள்ளி லேபில் கெஞ்சி வாங்கிய இரண்டு தெர்மாமீட்டர். ஆப்ப சோடாவில் எலுமிச்சை பிழிந்து, பொங்கிய வாயுவை ரப்பர் குழாய் வழியாக ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். கடற்கரையில் அம்மா கருவாடு காயப்போடும் மணலில் வைத்தேன். அங்கேதான் நிழலே கிடையாது. காக்கா கொத்திவிடும் என்று அம்மா பழக்கதோஷத்தில் பழைய வலையைப் போட்டு மூட வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிசிக்ஸ் சாரை வந்து பார்க்கச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! "அந்த நாத்தத்துல யாரும்மா வந்து நிப்பா? நோட்டுல எழுதிக் குடு" என்பார். எழுதிக் கொடுத்தேன்.

காரைக்கால் அறிவியல் கண்காட்சியில், பள்ளி மைதானத்து வெயிலில் வைத்துச் செய்து காட்டினேன். சார் அப்போது விருந்தினருக்கு டீ சொல்லிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரி கண்காட்சிக்குத் தேர்வானது. அப்பா ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். "பாண்டிச்சேரிக்கு எடுத்துட்டாங்கன்னா காலேஜ்ல சேத்து விடுறேன்" என்று சொல்லியிருந்தார். நான் தரையில் நடக்கவில்லை.

"பொம்பளப் புள்ளைய ரெண்டு நாள் வெளியூர்ல தங்க வைக்க முடியாதும்மா" என்றார் சார். நாற்றம் போக பாட்டில்களை மூன்று தரம் சோப்புப் போட்டு என்னையே கழுவ வைத்தார். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

திரும்பி வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "ரெண்டு பாட்டிலும் ஒரே சூடுதான் காட்டுச்சு. மானம் போச்சு."

"எங்க சார் வச்சீங்க?"

"ஹால்லதான், டியூப் லைட்டுக்குக் கீழ."

வெயிலில் வைக்க வேண்டும் என்பது நோட்டில் முதல் வரி. படித்தால்தானே! பூமி ஏன் சூடாகிறது என்று காட்டப் போன மனுஷன் சூரியனை வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைச் சொன்னதற்கு, எதிர்த்துப் பேசுகிறேன் என்று ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். இன்று நினைத்தாலும் அந்த ஆளை மன்னிக்க மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மணலில் அப்பாவை உட்கார வைத்து மறுபடி செய்தேன். அப்பா இரண்டு தெர்மாமீட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீ செஞ்சது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப காலேஜ்?"

"ஒன்ன எங்க எடுத்தாங்க? பாட்டிலத்தான எடுத்தாங்க."

சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டுக்குப் போனார். நான் காலேஜுக்குப் போகவில்லை.