பானெட்டில் இருந்த மூன்று பொட்டுகள்

பெரியப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய். அவர் வராததற்குக் காரணம் நான்தான். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து இது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் கருநீலக் கார் உங்களுக்குத் தெரியும். அது புதிதாக வந்த அன்று பெரியம்மா ஆரத்தி எடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில் கட்டைவிரலைத் தோய்த்து முன்பக்க பானெட்டில் மூன்று பொட்டு வைத்தாள். “பாத்துடி, பெயிண்ட்டு, பெயிண்ட்டு” என்று பெரியப்பா பக்கத்தில் நின்று கத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்து கை நழுவிவிட்டது. நடுப்பொட்டு மட்டும் வால் முளைத்தமாதிரி இழுத்துக்கொண்டது. நல்லதுக்கு வைத்தது, ஒரு வாரத்துக்குத் துடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சித்திரை வெயில். சுண்ணாம்பு பெயிண்ட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது. கழுவிய பிறகும் மங்கலாக மூன்று தடம் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் பெரியப்பாவுக்கு இதே பேச்சு. “கம்பெனிக்காரன் நாலு கோட்டு பெயிண்ட்டு அடிச்சான், இவ அஞ்சாவது கோட்டு அடிச்சுட்டா.” பெரியம்மாவும் விடமாட்டாள். “ஆமாங்க, உங்க மூஞ்சிக்கு அது தேவல.” இதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தடம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அரூரில் வாட்டர் சர்வீஸ் கடையில் நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கழுவுகிற வேலையோடு வாழ்க்கை முடிந்துவிடக் கூடாது என்று பாலீஷ் மிஷின் வாங்கினேன். தருமபுரி பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பானெட்டைத் தூக்கி வந்து, போனில் வீடியோ பார்த்துப் பத்து நாள் பழகினேன். ஓரத்தில் அழுத்தி இரண்டு இடத்தில் பெயிண்ட்டை எரித்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. பாலீஷ் போட்டால் மேலே ஏதோ பூசுகிறோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பூசுவதே கிடையாது. வண்டியின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, தலைமுடி கனம்கூட இருக்காது. கீறல் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்கு அந்தப் பூச்சைச் சீவி எடுக்கிறோம், அதனால் கீறல் தெரிவதில்லை. எடுத்தது திரும்பி வராது. இது எனக்குத் தெரியும் பிள்ளைகளே. தெரிந்துதான் செய்தேன்.

பெரியம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெரியப்பா யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கம்பைநல்லூரில் அவர் வீட்டுக்குப் போய், “ண்ணா, உன் வண்டிதான் மொத போணி, குடுண்ணா” என்று நான்தான் கெஞ்சினேன்.

“ஏன்டா, நீ தொழிலு பழக என் வண்டிதான் கெடச்சுதா?”

“பழகிட்டன்ண்ணா. நம்பிக் குடு.”

அந்த எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் வண்டியைக் கடையில் விட்டார். “கண்ணாடி மாதிரி இருக்கோணும், சொல்லிட்டன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். பொட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

வண்டியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் நிறுத்தி, ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். மெத்தென்ற ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு காம்பவுண்டு, அதுதான் பாலீஷ் பசை, வைத்து, மிஷினை அழுத்தாமல், அவசரப்படாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். கதவுகளும் கூரையும் மதியத்துக்குள் முடிந்தன. பானெட்டில் அந்த மூன்று தடம் மட்டும் போகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அண்ணனுக்குத் தெரியாமல் இதையும் எடுத்துக் காட்டினால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எனக்கு ஒரு வெறி. கம்பளி பேடு மாட்டி, முரட்டுக் காம்பவுண்டு போட்டேன். சூடு ஏறுகிறதா என்று புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதல் பொட்டு போனது, மூன்றாவது போனது. வால் இழுத்த பொட்டுதான் கடைசிவரை நின்றது. அதுவும் போனது. போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடையில் யாரும் இல்லாததால் தனியாகவே சிரித்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பெரியப்பா வந்தார். வண்டியைச் சுற்றி வரவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் போய் பானெட்டில் கை வைத்தார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து மறுபடியும் பார்த்தார்.

“டே, எங்கடா அது?”

“எடுத்துட்டன்ண்ணா! அஞ்சாவது கோட்டு போயிருச்சு!” என்றேன். ஐயோ, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கையை எடுக்கவில்லை. “நல்லா இருக்குது” என்றார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டாள். “அந்தப் பொட்டையுமா எடுத்தீங்க? காலையில வண்டிய எடுக்கறப்ப அதத் தொட்டுட்டுத்தானேங்க மாமா ஏறுவாரு.” அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மஞ்சள்தூளும் ஒரு டப்பா சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு கம்பைநல்லூர் போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு வேறு வழி தோன்றவில்லை. “ண்ணா, அதே எடத்துல திரும்ப வெச்சுடலாம்ண்ணா. ஒரு வாரம் வெயில்ல நிறுத்துனா அதே மாதிரி புடிச்சுக்கும்” என்றேன்.

அவர் என் கையிலிருந்த கவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “யாரு வெரல வெச்சு வெக்கப்போற?”

நான் கவரைத் திண்ணையில் வைத்தேன்.

“சாப்புட்டுப் போ” என்றார். அவரே வடித்த சோற்றைப் போட்டார். அவர் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், காலில் விழுந்திருப்பேன். அவர் ஒன்றும் செய்யாததால் எனக்கும் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது. அதுதான் அவர் கையால் நான் கடைசியாகச் சாப்பிட்டது.

இன்றும் பாலீஷ் வேலைதான் செய்கிறேன், வேறு தெரியாது. பொட்டுத் தடத்தோடு வண்டி வந்தால், “இத வுட்டுடட்டுங்களா?” என்று கேட்கிறேன். “அத எடுக்கத்தானேப்பா வந்ததே” என்று சிரிக்கிறார்கள். எடுத்துக் கொடுக்கிறேன்.

போன வாரம் அரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே அந்தக் கார் நின்றது. பெரியப்பா உள்ளே இல்லை. எத்தனை மாதமாகக் கழுவவில்லையோ, வண்டி முழுக்கப் புழுதி. பானெட்டில் மழைத்தண்ணீர் ஓடிய இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. ஒரு கீறல், ஒரு சுழி, ஒரு திட்டு கிடையாது. நான் குறையில்லாமல் செய்த முதல் வேலை அது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார், நான் நகர்ந்துகொண்டேன்.